நான்கு சுவர்களுக்குள் அழுதால்

கொழுந்தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அண்ணி, இதப் படிங்க. சிரிக்காம இருக்கீங்களான்னு பாப்போம்" என்றான்.

படித்தேன். சிரிக்காமல்தான் இருந்தேன். அதற்காகப் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை. நான்கு மாதமாகவே நான் அப்படித்தான்.

அவனுடைய தாத்தா எழுதிவைத்துவிட்டுப் போன வீட்டுப் பத்திரம் அது. ஐம்பது வருடப் பழசு. முழுக்க ஆங்கிலம், அதுவும் அந்தக் காலத்திலேயே பழசாகிப்போன ஆங்கிலம். எழுதிய வக்கீலுக்கே பாதிதான் புரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. கொழுந்தன் அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கைப்பேசியிடம் கொடுத்திருக்கிறான். அதுவும் கொஞ்சமும் யோசிக்காமல் தமிழில் கொட்டிவிட்டது. ஏழாவது பிரிவு இப்படி இருந்தது: 'பிரச்சினையைப் பெற்று, அது நான்கு சுவர்களுக்குள் அழுவது கேட்கப்பட்டிருந்தால், என் பேரனின் எச்சம் தன் இயற்கையான வாழ்க்கை முழுவதும் வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.'

"அதாவது அண்ணி, பிரச்சினைன்னு ஒண்ணு வந்து, நாலு சுவத்துக்குள்ள நீங்க அழுதீங்கன்னா, வீடு உங்களுக்குத்தானாம். தாத்தா கெட்டிக்காரர் பாருங்க." அவனே சிரித்துக்கொண்டான். "ஆனா நீங்கதான் அழவே இல்லையே."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டான்.

"டீ ஆறுது, குடி" என்றேன்.

அவன் நல்லவன். வாய்க்கும் மூளைக்கும் நடுவே கதவு வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் அழவில்லை என்பதும் உண்மை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் வேலைக்குக் கிளம்பினார். ஒரு ஷூவைப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்து நான்கு வயது. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். இரங்கல் அறிவிப்பில் 'ஆழ்ந்த' என்பதை 'ஆள்ந்த' என்று அச்சடித்திருந்தார்கள். அச்சகத்துக்குப் போன் போட்டுத் திருத்தச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, என் காதுபடவே, "கல்நெஞ்சு" என்றாள். இன்னொருத்தி, "அதெல்லாம் அதிர்ச்சி. ஒருநாள் வெடிச்சு அழுவா, பாருங்க" என்றாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வீட்டை விற்பது என்று முடிவாகியிருந்தது. வீடு என் கணவருக்கும், கொழுந்தனுக்கும், இருவருக்கும் மூத்தவளான என் நாத்தனாருக்கும் பொது. கொழுந்தனுக்கு இரண்டு பெண்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். நாத்தனாருக்கு முட்டிவலி, வாடகைக்கு இருக்கும் மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். இரண்டுமே நியாயம். உனக்கு ஒருத்திக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்டார்கள். சரி என்றேன். எனக்கு ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துவைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் கைக்கெட்டும். அதற்கும் சரி என்றேன்.

எனக்குப் போக மனமில்லை. இருபத்து மூன்று வருடம் இருந்த வீடு. பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை, பத்தொன்பது வருடத்துக்கு முன் மஞ்சள் வண்ணம் அடித்தது, அதன் பிறகு யாரும் தூரிகையை வைக்கவில்லை. அதை விட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. ஆனால் மனமில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் தமிழாக்கம் கேட்டார்கள். கைப்பேசி செய்தது செல்லாது, முத்திரையுடன் வேண்டும். அது என் வேலை. கொழுந்தன் பத்திரத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

நான் வேலை பார்ப்பது பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் நோட்டரி கடையில். கடைக்கு மூன்று சுவர்தான். நான்காவது பக்கம் ஷட்டர். காலை ஒன்பதுக்கு ஏறினால் மாலை ஆறுக்குத்தான் இறங்கும். வாசலோரம் நகல் எடுக்கும் இயந்திரம், நடுவில் நோட்டரியின் மேசை, உள்ளே மூலையில் என் கணினி. நோட்டரி என்னை 'டிக்ஷனரி' என்பார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார். இப்போது என் உண்மையான பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் தடுமாறுவார்.

பழைய ஆங்கிலச் சொற்களை நம்பக் கூடாது. முகம் தெரிந்ததுபோல இருக்கும், ஆள் வேறாக இருக்கும். 'லெட்' என்றால் இன்றைக்கு விடு, அன்றைக்குத் தடு. 'வான்ட்' என்றால் இன்றைக்கு வேண்டும், அன்றைக்கு இல்லை. 'பிரசென்ட்லி' என்றால் அன்றைக்கு உடனே என்று அர்த்தம். மனிதர்கள் செய்கிற உடனேயைப் பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லே அலுத்துப்போய், 'இன்னும் கொஞ்ச நேரத்தில்' என்று இறங்கி வந்துவிட்டது. இப்படிப்பட்ட சொற்களோடுதான் என் பிழைப்பு. மனிதர்களோடு ஒப்பிட்டால் மோசமில்லை.

ஏழாவது பிரிவுக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். 'ரெலிக்ட்' என்று இருந்தது. விட்டுவிட்டுப் போகப்பட்டவள், அதாவது விதவை. கைப்பேசி அதை எச்சம் என்று சொன்னதற்காக அதைத் திட்டவும் முடியாது. எச்சம் என்றால் மிஞ்சியது. ஒருவர் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கும் பழைய தமிழில் எச்சம் என்றுதான் பெயர். இப்போது காக்காய் சுவரில் விட்டுச்செல்வதற்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. விதவை என்று தட்டச்சு செய்தேன். விரல்கள் எந்தத் தயக்கமும் காட்டவில்லை.

அடுத்தது 'இஷ்யூ'. இன்றைக்குப் பிரச்சினை. அன்றைக்குப் பிள்ளை. 'இஷ்யூ இல்லாமல் இறந்தார்' என்று ஒரு பத்திரத்தில் வந்ததை, 'எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இறந்தார்' என்று மொழிபெயர்த்த ஒரு அறிவாளி எங்கள் கடையில் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் அது. நோட்டரி ஒரு வாரம் சிரித்தார். இன்னும் யாராவது புது ஆள் வந்தால் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கடுத்து, 'நான்கு சுவர்களுக்குள் அழக் கேட்கப்பட்ட'. இது கொழுந்தன் நினைத்ததுபோல மனைவி அழுவது இல்லை. பிள்ளை அழுவது. பிறந்த உடனே போய்விடும் பிள்ளைகள் உண்டு. அது உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதில் சொத்து கைமாறும். பிரசவ அறைக்குள் இருப்பவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியை அந்தக் காலத்து நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளாது. சுவருக்கு வெளியே நிற்கிற ஆண்களுக்கு எது கேட்கும்? அழுகை கேட்கும். கேட்டால் பிள்ளை பிறந்தது. கேட்காவிட்டால் பிறக்கவில்லை. தாத்தாவின் வக்கீல் இதை எந்தப் புத்தகத்திலிருந்தோ உருவி இங்கே ஒட்டிவிட்டிருக்கிறார். ஒழுங்கான தமிழில் அது இவ்வளவுதான்: என் பேரனின் விதவை ஒரு குழந்தையைப் பெற்று, அந்தக் குழந்தை பிறந்த அறையின் நான்கு சுவர்களுக்குள் அழுதது கேட்கப்பட்டிருந்தால், அவள் உயிரோடிருக்கும்வரை வீடு அவள் வசம் இருக்கும், அதுவரை யாரும் விற்க முடியாது.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். வாசலில் யாரோ அடையாள அட்டைக்கு நான்கு நகல் கேட்டார்கள். இயந்திரம் நான்கு முறை வெளிச்சம் அடித்தது.

எனக்கு ஒரு குழந்தை பிறந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன். அறுவை சிகிச்சை, நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். "சத்தமே போடல. உள்ளயே போயிடுச்சு. பொண்ணு" என்றார். அப்போது நான் அழுதேன். இரண்டு வருடம் அழுதேன். பேருந்தில், குளியலறையில், இந்தக் கணினிக்கு முன்னால் என்று இடம் பார்க்காமல் அழுதேன். அதில் எல்லாமே தீர்ந்துபோய்விட்டதோ என்னவோ, அவருக்கென்று எதுவும் மிச்சமில்லை.

குழந்தை அழுதது என்று நான் எழுதிவிடலாம். சொல்லப்போனால் எழுதவே வேண்டாம். கைப்பேசி சொன்ன பிரச்சினையையே கொஞ்சம் மெருகேற்றி, மனைவி அழுதால் போதும் என்று மொழிபெயர்த்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? முத்திரை குத்துவதும் இந்தக் கடைதான். நேர்மையால் அப்படிச் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாற்றுவதற்கும் ஆசை என்று ஒன்று வேண்டுமே. தமிழாக்கத்தின் கீழே, குடும்பத்தினர் இருவர் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழியை அடித்தேன்: 'மேற்கண்ட ஏழாவது பிரிவு பொருந்தாது. விதவைக்குப் பிறந்த ஒரே குழந்தை அழுததைக் கேட்டவர் யாரும் இல்லை.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கொழுந்தனும் நாத்தனாரும் கடைக்கு வந்தார்கள். நாத்தனார் டெலிபோன் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தடவை கேட்ட குரலை மறக்கவே மாட்டாள். செத்துப்போன மேலதிகாரி தொண்டையைச் செருமுவதில் ஆரம்பித்து, ராங் நம்பர் போட்டுவிட்டுச் சண்டைக்கு வரும் சந்தாதாரர்வரை எல்லோரையும் பேசிக் காட்டுவாள். குடும்பம் கூடும்போதெல்லாம் கொழுந்தன் விழுந்து விழுந்து சிரிப்பான். என் கணவரும்தான். நான்கு மாதமாக அவள் யாரையும் பேசிக் காட்டவில்லை.

நோட்டரி, "டிக்ஷனரி, நீயே வாசிச்சிடும்மா. அப்புறம் புரியலன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார்.

வாசித்தேன். ஏழாவது பிரிவு வந்ததும் கொழுந்தன் நிமிர்ந்தான். "அட, அழ வேண்டியது கொழந்தையா?" என்றான். உடனே முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ அண்ணி, நான் என்னென்னவோ கேலி பண்ணிட்டேனே."

"நீயா பண்ணின? போன் பண்ணிச்சு" என்று சொல்லிவிட்டு, உறுதிமொழியையும் அதே குரலில் வாசித்து முடித்தேன்.

கொழுந்தன் கையெழுத்துப் போட்டான். பேனா நாத்தனாரிடம் போனது. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறுதிமொழியின் கடைசி வரியில் பேனாவின் முனையை வைத்தபடி இருந்தாள். கையெழுத்து அதற்குக் கீழே போட வேண்டும்.

"இங்கக்கா" என்று கொழுந்தன் இடத்தைக் காட்டினான்.

"எங்கேன்னு தெரியுதுடா." அவள் பேனாவை மூடினாள். "இதுல நான் போட மாட்டேன்."

"ஏன்க்கா?"

"இது பொய்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் மொழிபெயர்ப்பில் தவறு கண்டுபிடித்தால் சாதாரணமாக நான் சண்டைக்குப் போவேன். "எது பொய்க்கா? எந்த வார்த்தை?" என்றுதான் கேட்டேன்.

"கேட்டவர் யாரும் இல்லைன்னு எழுதியிருக்க." அவள் என்னைப் பார்க்கவில்லை, பத்திரத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "நான் கேட்டேன்."

நகல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் ரூமுக்கு வெளிய பச்ச பெஞ்சு ஒண்ணு. நானும் உன் புருஷனும் உக்காந்திருந்தோம். கதவு சாத்தியிருந்துச்சு. ரெண்டு தடவ அழுதா. மொத தடவ நல்லாவே கேட்டுச்சு. அவன் என் கையப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டான். அப்புறம் ரெண்டாவது. அது சின்னதா. அவ்வளவுதான். இருவது நிமிஷம் கழிச்சு டாக்டர் வெளிய வந்தாரு."

"அவருக்கும் கேட்டுச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அவன்தான் சொல்ல வேண்டாம்னான். உசுரோட வந்துட்டுப் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா, பொறக்கவே இல்லன்னு நெனச்சா சீக்கிரம் மறந்துடுவான்னான். எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான். நானும் வாயத் தெறக்கல. இப்பவும் தெறந்திருக்க மாட்டேன். சொல்லாம இருந்தது வேற. இல்லவே இல்லன்னு கையெழுத்து போடச் சொன்னா, அது என்னால முடியாது."

கோபம் அப்போது வந்தது. நான்கு மாதத்தில் எனக்குள் வந்த முதல் ஆள் அதுதான். எல்லோரும் துக்கத்துக்காக முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இது பின்வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். காய்ச்சலில் உளறியிருக்கிறார், என்னோடு சண்டை போட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியிருக்கிறார். ஒரு தடவைகூட வாய் தவறவில்லை. என் பெண்ணின் குரலை அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தராமலே ஷூவைக் கட்டக் குனிந்துவிட்டார்.

கோபம் வந்த இடத்தில் வலித்தது. வலித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொழுந்தன் மெதுவாக, "ஆனா பொறந்தது ஆஸ்பத்திரிலதானே? நாலு சுவருன்னா நம்ம வீட்டு சுவரு இல்லையா?" என்றான்.

"பொறந்த ரூமோட சுவரு" என்றேன். வேலையில் கேட்கிற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடுகிறது.

"அப்ப வீடு அண்ணிக்கு." அவன் கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே பார்த்தான். பள்ளிக்குப் பக்கத்து வீடு அவன் முகத்தில் வந்துவிட்டுப் போனது. பிறகு அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, குப்பைக்கூடை எங்கே என்று தெரியாமல் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். "கெடக்கட்டும் விடுங்க."

"அக்கா, உங்க முட்டிவலி..." என்று ஆரம்பித்தேன்.

"வலிக்கட்டும். காலுதானே" என்றாள் நாத்தனார்.

நோட்டரி கனைத்தார். அவருக்கு இப்படிப்பட்ட நேரங்களில் வேலையைத் தவிர வேறு மொழி தெரியாது. "டிக்ஷனரி, அந்த வரிய மாத்தணும்மா. எத்தன தடவன்னும் போட்டுடு. பின்னால யாரும் கேக்கக் கூடாது."

கணினிக்குப் போனேன். 'பொருந்தாது' என்பதைப் 'பொருந்தும்' என்று மாற்றினேன். 'அழுததைக் கேட்டவர் யாரும் இல்லை' என்பதை அழித்தேன். 'இருமுறை அழுதது கேட்கப்பட்டது' என்று அடித்தேன். இருமுறை என்ற சொல்லை இந்த மூலையில் ஆயிரம் தடவை அடித்திருப்பேன். தவணைகளுக்கு, அறிவிப்புகளுக்கு, வாய்தாக்களுக்கு. அந்தச் சொல் திரையில் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து வந்து நாத்தனாரின் முன்னால் நின்றேன்.

"எப்படி அழுதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் எந்தக் குரலும் மறக்காதே. எப்படி அழுதாக்கா?"

அவள் வாசலைப் பார்த்தாள். நகல் எடுக்க மூன்று பேர் நின்றிருந்தார்கள். எதிரே பதிவு அலுவலகத்தின் படிகளில் கூட்டம். கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்துகொண்டு ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

நோட்டரி எழுந்தார். நகல் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். நின்றவர்களிடம், "டீ குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிஷம்" என்றார். பதினொன்றரை மணிக்கு, இருபது வருடத்துக்கு மேலாக நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். இரண்டு கையாலும் பிடித்து ஷட்டரைத் தரைவரை இறக்கினார். சத்தம் போட்டுக்கொண்டு இறங்கி நின்றது.

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அறுபத்தொரு வயதுக்காரி, தாடையில் இரண்டு நரை முடி. தொண்டைக்குள் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

பிறகு அழுது காட்டினாள். கரகரப்பாக ஆரம்பித்து, நடுவில் மூச்சுக்குத் தடுக்கி, யாரையோ கூப்பிடுவதுபோல மேலே போய் முடிந்தது. ஆரம்பித்த கரகரப்பு என்னுடையது. சளி பிடித்தால் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரெண்டாவது?" என்றேன்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதைவிடச் சின்னதாக இன்னொரு தடவை அழுதாள்.